மாற்றுச் சான்றிதழ் மருந்தாகுமா?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு)

 

"முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்" என்பது நாட்டு வழக்கு. "அடியாத மாடு படியாது" என்பது மற்றொன்று. அந்நாளில் பிள்ளையைப் பள்ளியில் கொண்டுவந்து விடும் தகப்பனார், "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஐயா!" என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டுப் போவாராம். எங்கள் தாத்தாமார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதை நாங்கள் கேட்டிருக்கிறோம்.

முன்னோர் மொழியைப் பழிக்க நாங்கள் வரவில்லை. ஆனால் சற்றே எண்ணிப் பார்க்கிறோம். முருங்கைக் கிளையை ஒடித்தால், ஒடித்த இடத்திலேயே துளிர் விடும். மனம் ஒடிந்த பிள்ளைக்கு அப்படித் துளிர்க்குமா? மாட்டைப் பற்றிய பேச்சும் அப்படித்தான். நம் ஊர்ப்பக்கம் ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். வாடிவாசலில் சீறிப் பாய்கின்ற அதே காளை, வீட்டிலே பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சிறுமியின் பின்னால் வால் ஆட்டிக்கொண்டு நடந்து வரும். அது அடிக்குப் படிந்ததா, அன்புக்குப் படிந்ததா?

ஆண்டு மலருக்கு எழுத எத்தனையோ தலைப்புகள் உண்டு. மழையின் சிறப்பு உண்டு. தாய்மொழியின் இனிமை உண்டு. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, பள்ளியிலே அடங்காத பிள்ளையை என்ன செய்வது என்ற வினாவை நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஏனெனில் அந்தப் பிள்ளை எங்கோ இல்லை. ஒவ்வொரு வகுப்பிலும், எங்கள் பெஞ்சிலேயே, எங்கள் தோளை உரசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

யார் அவள்?

அவளை எல்லோருக்கும் தெரியும். எதிர்த்துப் பேசுவாள். வீட்டுப் பாடம் எழுதி வரமாட்டாள். கேட்டால் பொய் சொல்லுவாள். சிறு சொல்லுக்குப் பெரிய சண்டை போடுவாள். பிறர் டிபன் டப்பாவைத் திறந்துவிடுவாள். மெலிந்த பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைத்து அழ விடுவாள். இன்னொருத்தி இருக்கிறாள். அவள் சத்தமே போடமாட்டாள். ஆனால் எழுந்திரு என்றால் எழமாட்டாள்; பேசு என்றால் பேசமாட்டாள்; கல்லைப்போல் இருந்துவிடுவாள். இந்த இரண்டு பேருக்கும் பள்ளியிலே ஒரே பெயர்தான். "அடங்காப்பிடாரி!"

பெயர் வைப்பது எளிது. காரணம் காண்பதுதான் அரிது. கரும்பலகை எழுத்துத் தெரியாத பிள்ளை, பக்கத்தில் இருப்பவளின் நோட்டை எட்டிப் பார்ப்பாள். "காப்பி அடிக்கிறாள்" என்பது அவளுக்குக் கிடைக்கும் பெயர். அவளுக்கு வேண்டியது ஒரு கண்ணாடி! காதிலே சீழ் வடியும் பிள்ளை, கூப்பிட்டால் திரும்பமாட்டாள். "எவ்வளவு திமிர்!" என்போம். அவளுக்கு வேண்டியது காதுக்கு மருந்து! எழுத்துகள் கண்முன்னே குழம்பிப்போகிற பிள்ளைகளும் உண்டு. அவர்கள் மந்தமானவர்கள் அல்லர். கற்றல் குறைபாடு என்று அதற்குப் பெயர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அப்படிப்பட்ட ஒருத்தி, வாசிக்கச் சொல்லும் நேரம் நெருங்கும்போதெல்லாம் வம்பு செய்து வகுப்புக்கு வெளியே நிற்கப் பார்ப்பாள். நாற்பது பேர் முன்னிலையில் திக்கித் திணறி நிற்பதைவிட, வெளியே முழங்காலில் நிற்பது அவளுக்கு மேலாகத் தோன்றுகிறது!

பசியும் ஒரு காரணம். வெறும் வயிற்றுக்கு ஒழுக்கம் தெரியாது. இதை அறிந்துதான் காமராசர் 1956ஆம் ஆண்டிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுத்தார். 1982இல் சத்துணவு வந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. உணவு கொடுத்தவர்கள் படிப்புக்காகத்தானே கொடுத்தார்கள்? வயிறு நிறைந்தால்தான் பாடம் ஏறும் என்றால், வயிறு காய்ந்தால் கோபம்தானே ஏறும்?

வீடும் ஒரு காரணம். நம் மாவட்டத்திலே எத்தனை தாய்மார் நூற்பாலையில் இரவு ஷிப்டு பார்த்துவிட்டு விடியற்காலையில் வீடு திரும்புகிறார்கள்! எத்தனை வீடுகளில் தகப்பனார் குடித்துவிட்டு வருகிறார்! அந்த வீட்டிலிருந்து வருகிற பிள்ளை தம்பிக்குத் தலை சீவி, சோறு கட்டிக் கொடுத்து, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு ஓடி வருகிறாள். முதல் மணி அடித்த பிறகு வந்தாள் என்று அவளை வெளியே நிறுத்துகிறோம். இன்னும் ஒரு காரணம் உண்டு. சொல்லவே நாக்கூசும். ஆயினும் சொல்லத்தான் வேண்டும். நேற்றுவரை கலகலப்பாக இருந்த பிள்ளை இன்று திடீரென்று முரண்டு பிடிக்கிறாள். ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் ஒளிகிறாள் என்றால், அவளுக்கு யாரோ தீங்கு செய்திருக்கலாம். அத்தகையோரைத் தண்டிக்க 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. குழந்தைகளுக்காக 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. ஆனால் அவளை முதலில் கேட்கவேண்டியவர்கள் பக்கத்தில் இருக்கும் நாம்தான்.

எல்லாக் குறும்புக்கும் பின்னால் கண்ணீர்க் கதை உண்டென்று நாங்கள் சொல்லவில்லை. விளையாட்டுக்குச் செய்பவர்கள் உண்டு. தாங்கள்தான் வகுப்பின் ராணி என்று காட்டிக்கொள்ளச் செய்பவர்களும் உண்டு. ஆனால் எது எது என்று கண்டுபிடிக்காமலே எல்லோருக்கும் ஒரே தண்டனை கொடுத்தால், அது தலைவலிக்கும் கால் வலிக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது போலாகும்.

பிரம்பு போன கதை

பிரம்புக்குச் சட்டம் விடை கொடுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே பள்ளிக் கல்வி விதிகளைத் திருத்தி, பிள்ளைகளை அடிக்கும் தண்டனையை நீக்கினார்கள். 2009ஆம் ஆண்டின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு, உடலை வருத்தும் தண்டனையை மட்டுமல்ல, மனத்தை வருத்தும் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 2024ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம், உடல் தண்டனையை ஒழிப்பதற்கான வழிகாட்டு நெறிகளைப் பள்ளிகளில் செயல்படுத்தும்படி பள்ளிக் கல்வித் துறைக்கு ஆணையிட்டது. 2003இல் எழுதிய விதிக்கு 2024இல் நினைவூட்டல் தேவைப்பட்டது என்றால், பிரம்பு சட்டப் புத்தகத்தை விட்டுப் போன அளவு கையை விட்டுப் போகவில்லை என்றுதானே பொருள்?

உலகத்திலும் இந்த வழிதான் நடக்கிறது. சுவீடன் நாடு 1979ஆம் ஆண்டில், பெற்றோரும் கூடப் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று முதன்முதலில் சட்டம் செய்தது. ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியாவும் 1992இல் சேர்ந்தது. பள்ளியின் ஒழுங்கு, பிள்ளையின் மதிப்பைக் குலைக்காததாய் இருக்கவேண்டும் என்பது அந்த உடன்படிக்கையின் கருத்து.

ஆனால் ஒன்று. பிரம்பை எடுத்துவிட்ட இடத்தில் வேறு எதை வைத்தோம்? பல பள்ளிகளில் எதையும் வைக்கவில்லை. ஆசிரியையின் கையிலிருந்து பிரம்பை வாங்கிக்கொண்டு, "அறுபது பிள்ளைகளையும் அன்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னால் அவர்கள்தாம் என்ன செய்வார்கள்? அதனால்தான் பிரம்பு இருந்த இடத்தில் ஒரு காகிதம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதுதான் மாற்றுச் சான்றிதழ். "டி.சி.யைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவேன்!" என்ற சொல்லைக் கேளாத மாணவி தமிழ்நாட்டில் உண்டா?

குடை மடங்கும் இடம்

2022 ஏப்ரலில் வேலூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மாணவர்கள் மேசை பெஞ்சுகளை உடைக்கின்ற காட்சி கைபேசிகளில் பரவியது. நாடே பதறியது. அடுத்த மாதமே அன்றைய பள்ளிக் கல்வித் துறை அமைச்சர், ஒழுங்கீனமாய் நடக்கும் மாணவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள் என்றும், மாற்றுச் சான்றிதழிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் அதன் காரணம் எழுதப்படும் என்றும் அறிவித்தார். பலர் கைதட்டினார்கள். அந்தப் பதற்றத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆயினும் கேட்கிறோம்: அந்தக் காகிதம் கொடுத்தபின் அந்தப் பிள்ளை எங்கே போவாள்?

கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக்கூடாது என்கிறது. 2019இல் செய்த திருத்தம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்தி வைக்க இடம் கொடுத்தது. வெளியேற்ற இடம் கொடுக்கவில்லை. ஆனால் எட்டாம் வகுப்போடு அந்தக் குடை மடங்கிவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைக்குப் பதினான்கு வயது. மனம் குழம்பும் வயது; கோபமும் அழுகையும் காரணமின்றி வரும் வயது. மழை வலுக்கும் நேரம் பார்த்துக் குடையை மடக்கினால் நனையாமல் என்ன செய்வாள்?

நம்மைப் போன்ற பள்ளிகளுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு அத்தீர்ப்பைப் பற்றி ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பி வைத்தது. சட்ட நுணுக்கத்தை வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எங்களுக்குத் தெரிந்தது இதுதான்: சட்டம் கையைப் பிடிக்காத இடத்தில் மனச்சாட்சி கையைப் பிடிக்கவேண்டும். சிறுபான்மைப் பள்ளிக்குக் கிடைத்த உரிமை, கைவிடப்பட்ட பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளத்தானே அன்றி, சேர்ந்த பிள்ளையைக் கைவிட அல்ல.

திண்டுக்கல் சீமையில் ஒன்பதாம் வகுப்பில் நிற்கும் பெண் பிள்ளைக்கு எத்தனை வழி இருக்கிறது? பையன் என்றால் ஒர்க்‌ஷாப்புக்கோ கடைக்கோ போவான். நாளைக்குத் தனித்தேர்வராய்ப் பரீட்சை எழுதினாலும் எழுதுவான். பெண்ணுக்கு இரண்டே வழி. ஒன்று மில், மற்றொன்று மாப்பிள்ளை. வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் விடியுமுன்னே மில் பஸ் வந்து நிற்கிறது. மூன்று ஆண்டு வேலை பார்த்தால் கல்யாணத்துக்குத் தொகை என்று சொல்லி இளம்பெண்களை ஆலைகளுக்கு அழைத்துச் சென்ற 'சுமங்கலித் திட்டம்' நாடறிந்தது. 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று 2016இல் திருத்திய சட்டம் சொல்கிறது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களுக்கு மட்டுமே தடை. 18 வயதுக்கு முன் திருமணம் கூடாது என்பதும் சட்டம்தான். ஆனால் "படிப்பும் வரவில்லை, பள்ளியிலும் வேண்டாம் என்று விட்டார்கள், வயசுப் பிள்ளையை எத்தனை நாள் வீட்டில் வைத்திருப்பது?" என்று கேட்கும் பாட்டிக்கு எந்தச் சட்டம் பதில் சொல்லும்? வாயாடினாள் என்பதற்காகப் பதினான்கு வயதில் வாழ்க்கையையே தண்டனையாய்க் கொடுப்பது தகுமா?

இன்னும் ஒன்றைப் பாருங்கள். மாற்றுச் சான்றிதழில் நடத்தை என்று ஒரு கட்டம் உண்டு. வெளியேற்றும் பிள்ளைக்கு அதில் "நன்று" என்று எழுதினால் அது பொய். "நன்றன்று" என்று எழுதினால் அது நெற்றியில் இட்ட சூடு. வேறு எந்தப் பள்ளியும் சேர்க்காது. பொய் எழுதினாலோ, நம் வீட்டுச் சிக்கலை அடுத்த வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தோம் என்றாகிறது. இரண்டில் எதை எழுதினாலும் பிள்ளை திருந்தவில்லை. ஆக, அந்தக் காகிதம் மருந்தல்ல. மருத்துவமனை வாசலிலிருந்து நோயாளியைத் திருப்பி அனுப்பும் சீட்டு.

நூறு சதவீதத் தேர்ச்சிப் பலகையின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 2017இல் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு நிறுத்தியது. ஆனால் பள்ளி வாசல்களில் தொங்கும் நூறு சதவீதப் பலகைகள் இறங்கவில்லை. அந்தப் பலகைக்காக, ஒன்பதாம் வகுப்பின் கடைசியில் மெல்லப் படிக்கும் பிள்ளையின் பெற்றோரை அழைத்து "வேறு பள்ளி பாருங்கள்" என்று சொல்லும் பள்ளிகளும் உண்டென்று கேள்விப்படுகிறோம். தொண்ணூற்றாறு பேரை எழுத வைத்து நூறு என்று எழுதுவது கணக்கல்ல.

இரண்டு பெரியவர்கள்

நம் ஊருக்குப் பக்கத்திலே காந்திகிராமம் இருக்கிறது. 1947இல் சௌந்திரம் அம்மையாரும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரனும் தொடங்கியது. அந்தக் காந்தியடிகளே ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியராய் இருந்திருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் 1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில், சத்தியாக்கிரகிகளின் பிள்ளைகளுக்கு அவரே பாடம் சொல்லிக் கொடுத்தார். தமிழ்ப் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். அவர்களுக்குத் தமக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழை வைத்துக்கொண்டே தமிழும் கற்பித்தார்!

அந்தப் பிள்ளைகளில் ஒருவன் முரடன், பொய் சொல்லுவான், சண்டை போடுவான். ஒரு நாள் எல்லை மீறினான். சொல்லிப் பார்த்தும் கேளாதபோது காந்தியடிகள் பக்கத்தில் இருந்த ரூல்தடியை எடுத்து அவன் கையில் அடித்துவிட்டார். அடிக்கும்போது அவர் கைதான் நடுங்கியது. பையன் அழுது மன்னிப்புக் கேட்டான். "அடி பலித்துவிட்டது" என்று வேறொருவர் மகிழ்ந்திருப்பார். காந்தியடிகளோ தம் சுயசரிதையில், அந்த அடியில் வெளிப்பட்டது தம்முடைய ஆன்மா அன்று, தம்முள் இருந்த மிருகமே என்ற கருத்துப்பட எழுதி வருந்துகிறார். அதன்பின் அவர் யாரையும் அடிக்கவில்லை.

மற்றொரு முறை அவருடைய நண்பர் கல்லன்பாக் கேட்டார். பண்ணைக்கு நிலம் கொடுத்தவர் அவர்தாம். "இந்தப் போக்கிரிப் பிள்ளைகளோடு உங்கள் பிள்ளைகளையும் பழக விடுகிறீர்களே, கெட்டுப்போக மாட்டார்களா?" என்பது அவர் கவலை. காந்தியடிகள் பிரிக்கவில்லை. தம் பிள்ளைகள் பிறரைவிட உயர்ந்தவர்கள் என்ற எண்ணம் அவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்று அவர் நினைத்தார். நல்ல பிள்ளையும் பொல்லாத பிள்ளையும் சேர்ந்து படித்தால் நல்ல பிள்ளைக்கு நட்டமில்லை என்பது அவர் கண்ட முடிவு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனையும் வைத்தார். பெரியவர்கள் கண் மூடாமல் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும். இந்த நிபந்தனையை நாம் மறந்துவிடக் கூடாது.

இன்னொரு பெரியவர் இத்தாலி நாட்டுத் தூரின் நகரில் வாழ்ந்த புனித தொன் போஸ்கோ. 1841 டிசம்பர் 8ஆம் நாள். பூசைக்கு உதவத் தெரியாத ஏழைப் பையன் ஒருவனைக் கோவில் பணியாள் கம்பால் அடித்து விரட்டிவிட்டான். தொன் போஸ்கோ, "அவன் என் நண்பன், கூப்பிடு" என்று திரும்ப வரவழைத்தார். எழுதத் தெரியுமா, வாசிக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பையன் தெரியாது என்றான். கடைசியில், சீட்டி அடிக்கத் தெரியுமா என்று கேட்டாராம். பையன் சிரித்துவிட்டான்! அந்தச் சிரிப்பில் தொடங்கிய தொண்டு உலகமெல்லாம் பரவி, 1906இல் தஞ்சாவூருக்கும் வந்து சேர்ந்தது. பிள்ளை தவறு செய்யட்டும், பிறகு தண்டிப்போம் என்று காத்திராமல், தவறுக்கு முன்பே பக்கத்தில் இருந்து தடுப்பது அவருடைய முறை. தெரியாதவற்றை எண்ணிக் கணக்குப் போடாமல், தெரிந்த ஒன்றைத் தேடிப் பிடித்தாரே, அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

திண்டுக்கல்லில் பிறந்த எங்களுக்கு இதைச் சொல்ல ஓர் உவமையும் இருக்கிறது. நம் ஊர்ப் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் செய்த நம் பூட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சாவி. ஒன்றின் சாவி மற்றொன்றுக்குச் சேராது. சாவி தொலைந்தால் சுத்தியல் எடுப்பவரும் உண்டு. சுத்தியலுக்குப் பூட்டு திறக்காது, உடையும். உடைந்த பூட்டு பிறகு எந்தக் கதவையும் காக்காது.

மற்ற நாற்பது பேர்?

இங்கே ஓர் எதிர்ப்புக் குரல் கேட்கிறது. அது நியாயமான குரல். "ஒரு பிள்ளைக்காக மற்ற நாற்பது பேரின் படிப்பு கெடுவதா? அவள் கையால் அடி வாங்கியவளுக்கு யார் ஆறுதல்? ஆசிரியைக்கு யார் பாதுகாப்பு?" 2012 பிப்ரவரியில் சென்னைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவன், வகுப்பறையிலேயே தன் ஆசிரியையைக் கத்தியால் குத்திக் கொன்றான். அதை மறந்துவிட்டு அன்பைப் பற்றிப் பேசுவது வெறும் பேச்சு.

தொலைந்த ஓர் ஆட்டைத் தேடிப்போன மேய்ப்பனின் உவமையை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். அப்போது மற்ற தொண்ணூற்றொன்பதை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்க எங்களுக்கும் தோன்றியதுண்டு. ஏனெனில் எங்களில் பெரும்பாலோர் அந்தத் தொண்ணூற்றொன்பதில் இருப்பவர்கள்தாம். சத்தத்தில் பாடம் கேட்காமல் போவது எங்களுக்குத்தான். காணாமல் போகும் பேனாவும் எங்களுடையதுதான்.

ஆகவே, கண்டிப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கண்டிப்பு வேண்டும். பிறரை அடிக்கக் கூடாது, பிறர் பொருளைத் தொடக் கூடாது, ஆசிரியையை இழிவாய்ப் பேசக் கூடாது என்ற வரம்புகள் யாருக்காகவும் தளரக் கூடாது. பாதிக்கப்பட்ட பிள்ளையின் குரலே முதலில் கேட்கப்பட வேண்டும். ஆபத்து இருக்கும்போது அந்த மாணவியைச் சில நாட்கள் வகுப்பிலிருந்து தனியே பிரித்து வைக்கவும் வேண்டும். ஆனால் பிரித்து வைப்பது பள்ளிக்குள்ளேயே, ஒரு பெரியவர் துணையோடு, பாடத்தோடு இருக்கட்டும். தெருவில் விடுவதற்குப் பெயர் பிரித்து வைப்பதன்று. சென்னைக் கொடுமைக்குப் பிறகு 2013இல் அரசு செய்தது என்ன? உளவியல் ஆலோசகரோடு பள்ளி பள்ளியாய்ச் செல்லும் நடமாடும் ஆலோசனை மையங்களைத் தொடங்கியது. பெருங்கோபம் வெடிக்கும் முன்னே அதைக் கேட்க ஒரு காது வேண்டும் என்பதை அந்தத் துயரம் கற்பித்தது. நாற்பது பேரைக் காப்பதற்கும் ஒருத்தியைத் திருத்துவதற்கும் வழி ஒன்றுதான். வெடிக்கும் முன் கவனிப்பதே அந்த வழி.

நாங்கள் கேட்பவை

சின்ன வாயில் பெரிய பேச்சு என்று யாரும் சினம் கொள்ளவேண்டாம். சிலவற்றைக் கேட்கத் துணிகிறோம்.

அருட்சகோதரியரையும் ஆசிரியைகளையும் கேட்கிறோம். தொல்லை தரும் மாணவி ஒவ்வொருத்திக்கும் பள்ளியிலே 'இவரிடம் போகலாம்' என்று ஒரு பெரியவர் இருக்கட்டும். அவர் வகுப்பு ஆசிரியையாய் இருக்கலாம். நூலகத்து அக்காவாய், ஆயாம்மாவாய்க் கூட இருக்கலாம். வாரத்தில் பத்து நிமிடம் போதும். தவறு நடந்தபோதெல்லாம் மூன்றே வரி ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். அதற்கு முன் என்ன நடந்தது? அவள் என்ன செய்தாள்? அதனால் அவளுக்கு என்ன கிடைத்தது? ஒரு மாதம் எழுதினால் போதும். திங்கட்கிழமை காலையில்தான், அல்லது ஆங்கிலம் வாசிக்கும் பாடவேளையில்தான் என்று காரணம் தானே எழுந்து முன்னால் நிற்கும். கண்டிப்பது தனிமையில் இருக்கட்டும். பாராட்டுவது எல்லோர் முன்னிலையிலும் இருக்கட்டும். தண்டனையும் தவறுக்குப் பொருந்தட்டும். பிறர் நோட்டைக் கிழித்தவள் அதைத் திரும்ப எழுதிக் கொடுக்கட்டும். பெஞ்சை உடைத்தவள் தச்சர் வரும்போது கூடநின்று உதவட்டும். முழங்காலில் நின்றால் முழங்கால்தான் தேயும். கிழிந்த நோட்டு ஒட்டாது.

பள்ளி நிர்வாகத்தை இன்னொன்று கேட்கிறோம். இதுவே எங்கள் முக்கிய வேண்டுகோள். பெற்றோர், வகுப்பு ஆசிரியை, ஆலோசகர் ஆகியோரோடு அந்த மாணவியும் உட்கார்ந்து, குறைந்தது மூன்று முறை பேசி முடிக்கும் வரை எந்த மாணவிக்கும் டி.சி. என்ற சொல்லே எழக் கூடாது என்று ஒரு விதி எழுதி வைக்கவேண்டும். அந்தப் பேச்சில் அவளும் வாய் திறக்க இடம் இருக்கவேண்டும். ஆசிரியைகளுக்கும் துணை வேண்டும். ஐம்பது அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்கும் ஆசிரியையிடம் "உன் வகுப்பு ஏன் இப்படி?" என்று கேட்காமல், "நான் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்கிறேன்" என்று தலைமை சொன்னால், அந்த வகுப்பே மாறிவிடும்.

பெற்றோர்களே! பள்ளிக்கு அழைத்தால் ஆபீஸ் அறையிலேயே பிள்ளையை அறையாதீர்கள். அந்த அறை எங்கள் தோழி கன்னத்தில் மட்டும் விழுவதில்லை. அவள் திரும்பி வரவேண்டிய வழியிலும் விழுகிறது. குற்றம் கேட்க மட்டும் வராதீர்கள். ஒன்றுமில்லாத நாளிலும் ஒரு முறை வாருங்கள். பள்ளியும், பிள்ளை நல்லது செய்த நாளில் ஒரு வரி எழுதி அனுப்பட்டும். கையெழுத்துப் போடும் தாயின் முகத்தை அந்தப் பிள்ளை பார்க்கட்டும்!

தோழியரே! நம் பங்கும் சிறிதன்று. எதிர்த்துப் பேசும் பிள்ளைக்கு எண்ணெய் ஊற்றுவது ஆசிரியையின் கோபமல்ல. பின் பெஞ்சிலிருந்து எழும் நம் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நிறுத்தினால் பாதி நாடகம் நின்றுவிடும். பட்டப்பெயரை விட்டு, பெற்றோர் இட்ட பெயரால் கூப்பிடுவோம். விளையாட்டில் அணி பிரிக்கும்போது அவளைக் கடைசியில் விடாதிருப்போம். அவள் நம்மை அடித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம், பெரியவர்களிடம் சொல்லுவோம். சொல்லுவது கோள் மூட்டுவதாகாது. ஆனால் அவள் அழுதால், அதையும் போய்ச் சொல்லுவோம்.

இவை எல்லாம் செய்தும் ஒருத்தி மாறாமல் போகலாம். அதையும் நாங்கள் மறுக்கவில்லை. டால்ஸ்டாய் பண்ணையிலும் எல்லோரும் மாறிவிடவில்லை. ஆனால் செய்யவேண்டியதைச் செய்துவிட்டுத் தோற்பது வேறு. செய்யாமலே கதவை அடைப்பது வேறு.

அடுத்த ஜூன் மாதம் மீண்டும் பள்ளி திறக்கும். ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் பெயர்கள் எழுதப்படும். அவற்றில் ஒரு பெயருக்கு நேராக எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெயரை மார்ச் மாதம் வரை அடிக்காமல், பத்தாம் வகுப்புப் பதிவேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே நம் பள்ளி பெறும் பெரிய தேர்ச்சி. அதற்கு இறைவன் நம் எல்லோருக்கும் பொறுமை அருள்வாராக!

வாழ்க நம் பள்ளி! வளர்க அதன் பிள்ளைகள் அனைவரும்!